சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கிடைத்த ஊர்: போலந்தின் க்ருஷினியானி

போலந்தின் வடகிழக்கு ஓரத்தில், பெலாரஸ் எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால், க்ருஷினியானி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள் தொகை 200-ஐக்கூட எட்டாது. போட்லாஸ்கியே மாகாணத்தின் தலைநகரான பியாவிஸ்தோக்கிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். வழியெல்லாம் க்னிஷின் காடு. பைனும் ஸ்ப்ரூஸும் நெருங்கி நிற்கும் அந்தக் காடு விலகுகிற இடத்தில் மேடும் பள்ளமுமாக வயல்கள் வரும், பிறகு மரவீடுகள் வரும். இந்த வட்டாரத்தில் இப்படி எத்தனையோ ஊர்கள் உண்டு. ஆனால் இந்த ஊரின் நடுவே, மரங்களுக்கிடையில், பச்சை வண்ணம் பூசிய ஒரு மரக் கட்டடம் நிற்கிறது. முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள். பார்த்தவுடன் கிராமத்துத் தேவாலயம் என்றுதான் தோன்றும். கோபுர உச்சியைக் கவனித்தால் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் பிறை இருக்கும்.

அது பள்ளிவாசல். போலந்தில் இன்று நிற்கும் பள்ளிவாசல்களில் மிகப் பழையது. அதைக் கட்டுவித்தவர்கள் அண்மைக் காலத்தில் வந்து குடியேறியவர்களும் அல்லர், மதம் மாறிய உள்ளூர்க்காரர்களும் அல்லர். அவர்கள் தாத்தார்கள் (Tatars) என்ற துருக்கிய வழி முஸ்லிம் இனத்தவர். போலந்து அரசருக்காகக் குதிரைமேல் சண்டை போட்டவர்கள். அந்த அரசரால் சம்பளம் கொடுக்க முடியாமல் போனதுதான் அவர்கள் இந்த மண்ணில் வேரூன்றக் காரணம்.

கதை க்ருஷினியானிக்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், லிதுவேனியாவில் தொடங்குகிறது. அன்றைய லிதுவேனியப் பெருங்குறுநிலம் பெயரில்தான் குறுநிலம். இன்றைய லிதுவேனியாவும் பெலாரஸும் உக்ரைனின் பெரும்பகுதியும் அதற்குள் அடக்கம். அதன் ஆட்சியாளர் விட்டவுட்டஸ், தங்க ஓர்தா என்ற மங்கோலியப் பேரரசின் உட்பூசலில் தோற்று ஓடிவந்த தாத்தார்களை வரவேற்றார். போரில் பிடிபட்டவர்களையும் குடியமர்த்தினார். வில்னியூஸ், திராக்கை நகரங்களைச் சுற்றி அவர்களுக்கு நிலம் கொடுத்தார். அதற்கு ஈடாக அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அழைத்தபோது குதிரையும் ஆயுதமுமாக வந்து நிற்பது. 1410-ல் டியூட்டானிக் வீரத்துறவிகள் என்ற ஜெர்மானியச் சிலுவைப்படை அமைப்பை வீழ்த்திய க்ருன்வால்ட் போரில் விட்டவுட்டஸின் பக்கம் தாத்தார் குதிரைப்படையும் இருந்தது. இவர்களை லிப்கா தாத்தார்கள் என்பார்கள். லிதுவேனியாவைக் குறிக்கும் பழைய துருக்கியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அவர்களுக்குக் கிடைத்த உரிமைகள் அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாதாரணமானவை அல்ல. பள்ளிவாசல் கட்டிக்கொள்ளலாம், தங்கள் மார்க்கப்படி வாழலாம், உள்ளூர்ப் பெண்களை மணக்கலாம், நிலம் வைத்திருக்கலாம். பிரபுக்களுக்குரிய பல சலுகைகளும் இருந்தன. நாடாளுமன்றத்தில் மட்டும் இடமில்லை. ஸ்பெயினில் முஸ்லிம்கள் மதம் மாற்றப்பட்டு, பின்பு நாட்டைவிட்டே துரத்தப்பட்ட அதே நூற்றாண்டுகளில்தான் இங்கே இப்படி ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனால் முழுக்கப் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. பின்னர் லிதுவேனியாவும் போலந்தும் ஒரே மன்னரின் கீழ் ஒரே நாடாக இணைந்தன. 17-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க எதிர்ச்சீர்திருத்தம், அதாவது புராட்டஸ்டண்ட் பரவலுக்கு எதிரான கத்தோலிக்க இயக்கம், வலுத்தபோது அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நாட்டின் கஜானாவும் வற்றிப்போயிருந்தது. சுவீடனோடும் ரஷ்யாவோடும் கோசாக்குகளோடும் ஓயாமல் போர். வீரர்களின் சம்பளம் ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது.

1672-ல் அது வெடித்தது. ஒட்டோமான் துருக்கியரின் படை போலந்துக்குள் நுழைந்த சமயத்தில் லிப்கா படைப்பிரிவுகள் பல சுல்தானின் பக்கம் போய்விட்டன. இதைப் பலர் ஒரே வரியில், ‘மதம் மதத்தோடு சேர்ந்துகொண்டது’ என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியான விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. மதம்தான் காரணம் என்றால் அதற்கு முந்தைய பல தலைமுறைகள் ஒட்டோமான்களுக்கு எதிராகப் போரிட்டதை எப்படிப் புரிந்துகொள்வது? கொடுக்காத சம்பளமும் பறித்த உரிமையும்தான் அவர்களைத் தள்ளின. அந்தப் பக்கம் போன பிறகு நிலைமை அவர்கள் நினைத்தபடி இல்லை. போலந்தில் பிரபுக்களுக்கு இருந்த சுதந்திரம் சுல்தானின் ஆட்சியில் கிடையாது. சில ஆண்டுகளிலேயே பலர் திரும்பிவரத் தயாரானார்கள்.

அப்போது போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி. 1674-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடிப்படையில் படைத்தளபதி என்பதால் தாத்தார் குதிரைப்படையின் அருமை அவருக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை, நிலம் இருந்தது. 1679-ல் க்ரோத்னோ நகரைச் (இன்று பெலாரஸில்) சுற்றியிருந்த அரச நிலங்களிலிருந்து ஊர்களைப் பிரித்துத் தாத்தார் படையதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளப் பாக்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். பொஹோனிகி என்ற ஊர் ஒரு குழுவுக்கு. க்ருஷினியானியும் அக்கம்பக்கத்து நிலங்களும் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவர் ஆட்களுக்கும்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். சாமுவேல் என்பது விவிலியப் பெயர். முர்சா என்பது தாத்தார் பிரபுக்களின் பட்டம். க்ஷெச்சோவ்ஸ்கி, ‘ஸ்கி’ என்று முடியும் அசல் போலிஷ் குடும்பப் பெயர். மூன்று உலகங்கள் ஒரே ஆளின் பெயரில் அடங்கியிருக்கின்றன. இந்தச் சமூகத்தை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நான்கே ஆண்டுகளில் அந்த நிலத்தின் விலை திரும்பி வந்தது. 1683 செப்டம்பர் 12 அன்று வியன்னாவை முற்றுகையிட்டிருந்த ஒட்டோமான் படையை சோபியெஸ்கி முறியடித்தார். அவர் படையில் லிப்கா தாத்தார்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் கிரீமியத் தாத்தார்கள். இருவரையும் போர்க்களத்தில் வேறுபடுத்திக் காட்ட, தம் பக்கத்துத் தாத்தார்களைத் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொள்ளச் சொன்னார் சோபியெஸ்கி என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் பார்கானியில் (இன்று ஸ்லோவாக்கியாவின் ஷ்தூரோவோ) முதல் நாள் மோதலில் போலந்துப் படை சிதறியது. மன்னரே உயிருக்கு ஓட வேண்டிவந்தது. அன்று அவரைக் காப்பாற்றியவர் க்ஷெச்சோவ்ஸ்கி என்பது க்ருஷினியானியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பின்னாளில் க்ரோத்னோ நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் மன்னர் இந்த ஊரில் இறங்கி, க்ஷெச்சோவ்ஸ்கியின் வீட்டில் தங்கினார் என்றும் சொல்வார்கள். இவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஊர்ப் பெருமை என்று பிரிப்பது கடினம். ஆனால் தங்கள் நிலத்தை இனாமாக அல்ல, உழைப்புக்கும் உயிருக்கும் ஈடாகப் பெற்றோம் என்பதை ஒரு சமூகம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தது என்பது அதில் தெரிகிறது.

சரி, இனி அந்தப் பச்சைப் பள்ளிவாசலுக்கு வருவோம். இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1846-ல் பெரிதாகப் புதுப்பித்தார்கள். கல் அடித்தளம், அதன்மேல் மரக்கட்டைச் சுவர்கள், வெளியே பலகை. கட்டியவர்கள் பக்கத்து ஊர்களின் கிறிஸ்தவத் தச்சர்கள் என்பது பொதுவான கருத்து. அவர்கள் வழக்கமாகக் கட்டியது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களை. கை பழகிய வேலையைத்தான் இங்கேயும் செய்தார்கள். அதனால்தான் முகப்பில் இரட்டைக் கோபுரம், அதனால்தான் தேவாலயச் சாயல். பாங்கு சொல்லும் மினாரா தனியாக இல்லை.

உள்ளே போனால் அளவு வியக்க வைக்கும். ஒரு நடுத்தர வீட்டைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி அறை. இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் நீளமான திறப்பு, அதில் மெல்லிய திரை. இமாமின் ஓதல் பெண்கள் பக்கம் கேட்பதற்காக. தெற்குச் சுவரில் மிஹ்ராப், தொழும் திசையைக் காட்டும் மாடம். மக்கா இங்கிருந்து தெற்கே அல்லவா! பக்கத்தில் மரத்தாலான மிம்பர், இமாம் உரையாற்றும் மேடை. தரை முழுக்க விரிப்புகள். சுவரெங்கும் ‘முஹிர்’ என்று இவர்கள் அழைக்கும் சட்டமிட்ட படங்கள் தொங்கும். குர்ஆன் வசனங்கள், அழகெழுத்து, மக்கா மதீனாக் காட்சிகள். பைன் மர வாசனையோடு இருக்கும் அந்தச் சின்ன அறையில் அரபெழுத்தின் வளைவுகளைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மொழியின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. லிப்கா தாத்தார்கள் தங்கள் துருக்கிய மொழியைச் சீக்கிரமே இழந்துவிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பெலாரஷ்ய மொழியும் போலிஷும்தான். காரணம் எளிது. வந்தவர்களில் மிகப்பலர் ஆண்கள், படைவீரர்கள். மணந்தது உள்ளூர்ப் பெண்களை. குழந்தைகள் தாய்மொழியைப் பேசினார்கள். ஆனால் தந்தையின் மார்க்கம் நின்றது. அந்த இரண்டும் சேர்ந்து ‘கிதாப்’ என்ற கையெழுத்து நூல் மரபைத் தந்தது. மொழி பெலாரஷ்யன் அல்லது போலிஷ், எழுத்து அரபு. தொழுகை முறை, நபிமார் கதைகள், சடங்குகள், நல்ல நாள் கெட்ட நாள் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். அரபு எழுத்தில் இல்லாத ஸ்லாவிய ஒலிகளுக்குப் புது எழுத்துகளையே உண்டாக்கிக்கொண்டார்கள். பெலாரஷ்ய மொழி பழைய காலத்தில் எப்படி ஒலித்தது என்று அறிய இன்று மொழியியலாளர்கள் நாடும் ஆதாரங்களில் இந்த கிதாப்கள் முக்கியமானவை. தன் மொழியை இழந்த ஒரு சமூகம், தான் ஏற்றுக்கொண்ட மொழியின் ஓசையை அடுத்தவர்களுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

போலிஷ் மொழிக்கும் அவர்கள் கொடுத்தது உண்டு. ஈட்டி ஏந்திய குதிரைவீரனை ‘உலான்’ என்பார்கள். பின்னாளில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் தங்கள் படைகளில் வைத்துக்கொண்ட பெயர் அது. மூலம் ‘இளைஞன்’ என்று பொருள்படும் துருக்கியச் சொல்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. கல் சுவர் சூழ்ந்த அந்த இடத்துக்கு ‘மிஸார்’ என்று பெயர். தாத்தார்களின் மையவாடி, அதாவது அடக்கத்தலம். என்னைக் கேட்டால் க்ருஷினியானியில் பள்ளிவாசலைவிட முக்கியமான இடம் இதுதான். இங்கே இருக்கும் மிகப் பழைய கல்லில் 1699 என்ற ஆண்டு உண்டு. அதாவது நிலம் கிடைத்த அந்தத் தலைமுறையே இங்கே அடக்கமாகியிருக்கிறது. ஒவ்வொரு கபருக்கும் (அடக்கக் குழிக்கும்) இரண்டு மீஸான் கற்கள் என்ற அடையாளக் கற்கள், தலைமாட்டில் பெரியது, கால்மாட்டில் சிறியது. பழைய கற்கள் வயல்வெளியில் கிடைத்த கரடுமுரடான பாறைகள். பாசி பிடித்துப் பாதி மண்ணில் புதைந்து கிடக்கின்றன.

எழுத்துகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இந்த வட்டாரத்தின் அரசியல் வரலாறு முழுவதும் வந்துவிடும். கலிமா என்ற நம்பிக்கை வாசகமும் துஆ என்ற வேண்டுதலும் எப்போதும் அரபில். பெயரும் ஆண்டும் மட்டும் மாறிக்கொண்டே வரும். முதலில் போலிஷில். 1795-ல் போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. இந்தப் பகுதி சில காலம் பிரஷ்யாவிடம் இருந்து, 1807-ல் ரஷ்யப் பேரரசுக்குப் போனது. அதன்பின் கற்களில் ரஷ்ய எழுத்து வருகிறது. ஜாரின் படையிலும் அலுவலகங்களிலும் பதவி வகித்த தாத்தார்களின் கபர்கள் அவை. 1918-ல் போலந்து மீண்டும் பிறந்த பிறகு போலிஷ் திரும்புகிறது. அண்மைக் காலத்துக் கற்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்லறைகளைப் போலவே பளபளப்பான கிரானைட்டில் இருக்கின்றன. ஆட்சி மாறியபோதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் போலந்துத் தாத்தார்களுக்கு நம்பிக்கையான காலம். 1925-ல் முஸ்லிம் சமயச் சங்கம் அமைந்தது. வில்னியூஸ் அப்போது போலந்தில் இருந்ததால் சமயத் தலைவரான முஃப்தியின் தலைமையிடம் அங்கே. 1936-ல் அந்தச் சங்கத்துக்கும் அரசுக்குமான உறவைத் தனிச் சட்டமே வரையறுத்தது. படையில் தாத்தார்களுக்கென்று தனிக் குதிரைப்படைப் பிரிவும் இருந்தது. நாட்டில் அப்போது 19 ஜமாஅத்கள் (ஊர்ச் சமயக் குழுக்கள்). 1945-க்குப் பிறகு எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. வில்னியூஸ், நோவோகுருடெக், ஸ்லோனிம் எல்லாம் சோவியத் ஒன்றியத்துக்குள் போய்விட்டன. பள்ளிவாசலோடு போலந்தில் மிஞ்சியவை இரண்டே ஊர்கள், பொஹோனிகியும் க்ருஷினியானியும். புதிய எல்லை க்ருஷினியானிக்குச் சற்றுக் கிழக்கே வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் மேற்கே விழுந்திருந்தால் இந்தப் பள்ளிவாசலும் தப்பியிருக்காது. எல்லைக்கு அப்பால் பல பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, இடிக்கப்பட்டன.

அந்தப் பக்கத்துத் தாத்தார்கள் பலர் போலந்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு இடம் கிடைத்தது ஜெர்மனியிடமிருந்து போலந்துக்குச் சேர்ந்த மேற்கு, வடக்குப் பகுதிகளில்: க்தான்ஸ்க், ஷ்செச்சின், கோசுவ். க்ருஷினியானியின் இளைஞர்களும் வேலை தேடி பியாவிஸ்தோக்குக்கும் மற்ற நகரங்களுக்கும் போனார்கள். இன்று ஊரில் நிலையாக வாழும் தாத்தார் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்கம்பக்கத்தார் பெலாரஷ்யப் பேச்சு வழங்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் கத்தோலிக்கர்களும். புனித அன்னாவின் பெயரில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்றும் ஊரில் உண்டு. 2011 கணக்கெடுப்பில் போலந்து முழுவதும் தங்களைத் தாத்தார் என்று பதிந்துகொண்டவர்கள் சுமார் 1,900 பேர்தான்.

அப்படியானால் இந்த ஊர் இன்னும் எப்படித் தாத்தார் ஊராக இருக்கிறது? எனக்குத் தோன்றுவது இதுதான். மொழி போயிற்று, போர்த்தொழில் போயிற்று, நிலம்கூடப் பெரும்பாலும் கைமாறிவிட்டது. ஆனால் தொழ ஓர் இடமும் புதைக்க ஓர் இடமும் இங்கே நின்றுவிட்டன. நகரத்தில் வாழ்பவர்களும் தங்கள் முன்னோர் கிடக்கும் இந்த மண்ணுக்குத் திரும்பி வருகிறார்கள். பலர் தாங்களும் இங்கேயே அடக்கமாக விரும்புகிறார்கள்.

சாப்பாடும் ஓர் இழுப்புதான், அதையும் சொல்ல வேண்டும். ‘பியெரெகச்செவ்னிக்’ என்று ஒரு பதார்த்தம். காகிதம்போல மெல்லிசாக இழுத்த ஆறு மாவுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் வெண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேலே கொத்திய இறைச்சியோ பாலாடைக்கட்டியோ ஆப்பிளோ பரப்பிச் சுருட்டி, நத்தை ஓடுபோல வட்டமாக வளைத்துச் சட்டியில் வைத்துச் சுட வேண்டும். வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரியும். மாவை அந்த அளவுக்கு இழுக்கும் கைப்பழக்கம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் வந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை உத்தரவாதமுள்ள மரபுச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது. இதைச் சாப்பிடவே வார இறுதிகளில் நகரத்துக்காரர்கள் வருகிறார்கள். ஊரில் பெயர் பெற்ற தாத்தார் உணவகம் 2018-ல் தீயில் எரிந்தபோது நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் உதவி வந்தது. அது மீண்டும் எழுந்தது.

2010-ல் அன்றைய பிரித்தானிய இளவரசர் சார்லஸ் வந்து பள்ளிவாசலைப் பார்த்தார். 2012-ல் பொஹோனிகி, க்ருஷினியானி இரண்டின் பள்ளிவாசல்களும் மிஸார்களும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 2014-ல், யாரோ இரவில் வந்து பள்ளிவாசல் சுவரிலும் மீஸான் கற்களிலும் பன்றிப் படமும் இழிவான கிறுக்கல்களும் வரைந்துவிட்டுப் போனார்கள். 300 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்களின் கபர்கள் அவை. படிக்கவே வேதனையான செய்தி.

அடுத்த சோதனை எல்லையிலிருந்து வந்தது. 2021 கோடையில் ஈராக், சிரியா முதலிய நாடுகளின் அகதிகள் பெலாரஸ் வழியாகப் போலந்துக்குள் நுழைய முயன்றார்கள். செப்டம்பரில் போலந்து அரசு எல்லையோரம் முழுவதும் நெருக்கடிநிலை அறிவித்து வெளியாட்கள் வரத் தடை விதித்தது. க்ருஷினியானியும் அதற்குள் அகப்பட்டது. சுற்றுலாவை நம்பிய ஊர் மாதக்கணக்கில் வெறிச்சோடியது. காட்டில் குளிரிலும் ஆற்றிலும் சிக்கிச் சிலர் இறந்தார்கள். அவர்களில் 19 வயது சிரிய இளைஞன் ஒருவனை அந்த நவம்பரில் பொஹோனிகி மிஸாரில் அடக்கினார்கள். பெற்றோர் வர முடியவில்லை. முன்பின் தெரியாத தாத்தார்கள் நின்று ஜனாஸா தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) நடத்தினார்கள். அப்புறம் இறந்த வேறு சிலரும் அங்கே அடக்கமானார்கள். அதே நாட்களில் தாத்தார்கள் எல்லைக் காவலில் குளிரில் நின்ற போலந்து வீரர்களுக்கும் சூப் காய்ச்சி அனுப்பினார்கள். இரண்டையும் ஒரே மனதோடு செய்ய அவர்களால் முடிந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளை இவர்கள் ‘குர்பான் பைராம்’ என்பார்கள். அன்று காலையில் க்ருஷினியானி நிறைந்துவிடும். பியாவிஸ்தோக், க்தான்ஸ்க், வார்சா என்று எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்து நிற்கும். தொழுகை முடிந்ததும் குர்பானி (விலங்குப் பலி) நடக்கும். இறைச்சியைக் குடும்பங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கிடுவார்கள். ‘சதோகா’ என்ற பெயரில் ரொட்டியும் இனிப்பும் கைமாறும். தர்மத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘சதகா’தான் அப்படி மாறியிருக்கிறது. பிறகு எல்லோரும் மேட்டுக்கு நடப்பார்கள். வயதானவர்கள் பாசி படிந்த கற்களுக்கிடையே நின்று, இது யாருடைய கபர், அவர் யாருக்கு என்ன உறவு என்று பேரப்பிள்ளைகளுக்குப் போலிஷில் சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு கைகளை ஏந்தி அரபில் ஓதுவார்கள்.